பல்லில் வைத்த பொட்டு

லாரி ஓட்டிய காலத்தில் பெரியவர் எந்தக் கடையிலும் டயரைக் கொடுத்துவிட்டு நகர்ந்ததில்லை. கண் அசந்தால் நம் டயர் உள்ளே போய் எவனுடைய மொட்டை டயரோ வெளியே வரும். அதனால் உள்பக்கம் ஒரு பெயின்ட் பொட்டு வைத்துவிடுவார். பேட்டரிக்கும் ஒரு பொட்டு. மகளின் லேப்டாப்புக்கு இன்று மெமரி கூட்டப்போகிறார்கள் என்றதும் அவருக்குக் கை பரபரத்தது.

நாளைக் காலை மகளுக்கு வேலைக்கான தேர்வு. வீட்டிலிருந்தே எழுத வேண்டும். கேமராவும் ஓட வேண்டும், கேள்வியும் திறக்க வேண்டும். மலிவாக வாங்கிய லேப்டாப் இரண்டையும் சேர்த்துச் சுமக்காது. மாதிரித் தேர்விலேயே பாதியில் உறைந்து அவளை வெளியே தள்ளிவிட்டது.

அவள் குளிக்கப் போனதும் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பட்டை. அதுதான் மெமரி. அதில் ஸ்டிக்கர் இருந்தது. அதைப் பிய்த்து இன்னொன்றில் ஒட்ட எவ்வளவு நேரமாகும்? ஆனால் ஓரத்தில் வரிசையாகப் பொன்னிறப் பற்கள் இருந்தன. அதை எவன் பிய்ப்பான்? மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து அங்கே தடவினார், காயும்வரை ஊதினார், செருகி மூடிவிட்டார்.

கம்ப்யூட்டர் கடையில், கடைக்காரர் பின்மூடியைத் திறந்து, புது மெமரி ஒன்றை எடுத்துப் பழையதற்குப் பக்கத்துக் காலி இடத்தில் வைத்தார். உட்காரவில்லை.

"நல்லா அமுக்குங்க, உடையட்டும்" என்றார் பெரியவர்.

"இது பழைய ரகம் ஐயா. இந்த வெட்டு இடம் தள்ளி இருக்கு பாருங்க. டப்பா மாறிடுச்சு."

"மாறும், மாறும். ஆள் அசந்தா எல்லாமே மாறும்."

"அப்பா, சும்மா இருங்களேன்" என்று மகள் பல்லைக் கடித்தாள்.

அடுத்தது சரியாக உட்கார்ந்தது. அவர் விடவில்லை. "இது வேற கம்பெனியால்ல இருக்கு?"

"கம்பெனி வேறயா இருக்கலாம், ரகம்தான் ஒண்ணா இருக்கணும். வேகம் கூட இருக்கிறது மத்ததுக்காக இறங்கி வந்துடும்."

"என் சம்பந்தியே இறங்கி வரல, இது வருதாக்கும்!"

பொத்தானை அழுத்தினார்கள். விசிறி சுற்றியது. திரை கருப்பாகவே இருந்தது.

"போச்சா? நான் அப்பவே நினைச்சேன்!" அவர் குரலுக்குத் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஓட்டைய எங்க தலையில கட்டப் பாக்குறியா?"

கடைக்காரர் புதியதைக் கழற்றிவிட்டு அழுத்தினார். அப்போதும் கருப்பு. மகள் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு எப்படிண்ணே எழுதுவேன்?"

கடைக்காரர் பழையதைக் கழற்றி விளக்கடியில் திருப்பினார். "பல்லு மேல என்னம்மா சிவப்பா?"

மகள் பார்த்தாள். தன் நகத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் கடையின் கூரையைப் பார்த்தார்.

"அப்பா!"

"அடையாளத்துக்கு வச்சேன். பின்ன, மாத்திட்டா?"

"மின்சாரம் போற வழியே அதுதான் ஐயா. அடைச்சு வச்சிருக்கீங்க."

மகள் பக்கத்துக் கடைக்கு ஓடி, நகப்பூச்சு அழிக்கும் திரவம் வாங்கி வந்தாள். கடைக்காரர் பஞ்சில் தொட்டுப் பல் பல்லாகத் துடைத்தார். காயவிட்டு இரண்டையும் செருகினார். திரை வெளிச்சமானது. மகள் கேமராவையும் மாதிரித் தேர்வையும் ஒன்றாகத் திறந்தாள். இரண்டும் ஓடின. பெருமூச்சு விட்டாள்.

பெரியவர் மட்டும் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டிக்கரை நம்பாத அவருக்கு, பொட்டைத் துடைத்த பிறகு எது தன்னுடையது, எது கடைக்காரருடையது என்று தெரியவில்லை.

"இப்ப நான் எதை நம்பி வீட்டுக்குப் போறது?"

கடைக்காரர் மேசையிலிருந்த மார்க்கர் பேனாவை அவரிடம் நீட்டினார். "ரெண்டும் இப்ப உங்களதுதான். ஸ்டிக்கர் மேலயே வைங்க."

"ஸ்டிக்கர பிச்சிடுவாங்க" என்றார் அவர். ஆனாலும் பேனாவை வாங்கிக்கொண்டார்.