மருந்தின் பெயர்

துடைக்கத் துடைக்க நுரை வந்துகொண்டே இருந்தது. அக்காக்காரி ஈரத்துணியைப் பிழிந்து மறுபடியும் தம்பியின் வாயோரத்தில் ஒற்றினாள். விடிவதற்குள் மூச்சு நின்றுபோனவனுக்கு எங்கிருந்து இவ்வளவு வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. வெயில் ஏறி, தகரக்கூரை சூட்டில் முறுக்கிக்கொண்டு சடக் சடக்கென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது.

"கழுவினது போதும்மா. துணியை மாத்தி விடுங்க. வண்டி வந்து நிக்குது" என்றார் மேஸ்திரி. வாசலோடு நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

"ஊர்ல அம்மா அவன் முகத்தைப் பாக்கணும்னு அழுவுது அண்ணே. நாளைக்கு வந்து சேந்துடும்."

"இந்த வெயில்ல நாளை வரைக்கும் தாங்குமா? மாரடைப்பு, அவன் விதி அவ்வளவுதான். மதியத்துக்குள்ள அடக்கம் பண்ணிடலாம். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

மேஸ்திரியைக் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. ஊரில் வேலையில்லாமல் கிடந்த குடும்பங்களைக் கூட்டிவந்து இந்தத் திராட்சைத் தோட்டத்தில் சேர்த்துவிட்டவர் அவர்தான். காலையில் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அவர் அழுததிலும் நடிப்பில்லை. ஆனால் அழுது முடித்து முகத்தைத் துடைத்ததும், முதல் வேலையாகப் போய்த் தோட்டத்தின் இரும்புக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அக்காக்காரி அதைப் பார்த்தாள்.

தம்பிக்குக் குலை வெட்டுகிற வேலை. பூச்சிமருந்து அடிக்கிறவன் இருமலோடு ஊருக்குப் போய்விட்டதால், அவன் வருகிறவரை மருந்துத் தொட்டியைத் தூக்கச் சொல்லி மேஸ்திரி இவனிடம் கொடுத்திருந்தார். முதல் நாள் அதை முதுகில் மாட்டிக்கொண்டு, லைன் என்று சொல்கிற வரிசை வீடுகளுக்கு முன்னால் விறைப்பாக நடந்து காட்டினான். "பாத்துக்கோங்க, நானும் பட்டாளத்துல சேந்துட்டேன்." லைனே சிரித்தது. நேற்று காற்று திரும்பி அடித்ததில் சட்டை முழுக்க நனைந்து வந்தான். தலை சுற்றுகிறது என்றான். வாந்தி எடுத்தான். வெயில் மயக்கம், சோடா குடித்தால் சரியாகிவிடும் என்றார் மேஸ்திரி. குடித்ததும் வெளியே வந்தது. எச்சில் நிற்காமல் ஒழுகியது. "பல்லு முளைக்கிற குழந்தை மாதிரி ஒழுவுது பாருக்கா எனக்கு" என்று சிரிக்கப் பார்த்தான். அவன் முழுதாகச் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான். பிறகு மூச்சு வாங்கிய சத்தம் மட்டும்.

"கொழந்தை எங்க?" என்று கேட்டாள் அக்காக்காரி.

தம்பி மனைவி சுவரில் சாய்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். தலையைத் திருப்பாமல் மூலையைக் காட்டினாள். "தூங்குறா. எழுப்ப வேணாம் அண்ணி. எழுந்தா அப்பா எங்கன்னு கேப்பா."

பொடிசு மூலையில் துணிக்குவியல்மேல் சுருண்டிருந்தது. நாலு வயது. அப்பா வரத் தாமதமானால் அவன் சட்டை ஒன்றைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கும். அக்காக்காரி குனிந்து பார்த்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. கன்னத்தின் கீழே துணி நனைந்து கிடந்தது. குழந்தைதானே, தூக்கத்தில் எச்சில் ஒழுகியிருக்கும் என்று நினைத்தபடி தூக்கினாள். தலை துவண்டு பின்னால் சரிந்தது. போர்த்தியிருந்த சட்டையிலிருந்து அந்த நெடி முகத்தில் அடித்தது.

நேற்றைய சட்டை. எல்லோரும் தம்பியைச் சுற்றி நின்ற நேரத்தில், அவன் கழற்றிப் போட்டதை இழுத்துக்கொண்டு போய்ப் படுத்திருக்கிறது.

அக்காக்காரி விரலால் குழந்தையின் இமையைத் தூக்கினாள். கருவிழிக்கு நடுவே ஊசி குத்தியது போல ஒரு சின்னப் புள்ளி. விடியலில் தம்பியின் இமையைத் தூக்கியபோதும் இதே புள்ளிதான்.

குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். தம்பி மனைவிதான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"என்ன அண்ணி? என்ன ஆச்சு என் பிள்ளைக்கு?"

"சோப்பு அக்காவுக்குப் போன் போடு. தம்பி போன்ல நம்பர் இருக்கும். போடு!"

சோப்பு அக்கா ஒரு நர்ஸ். தோட்டம் தோட்டமாக வேனில் வருவாள். குழந்தைகளைத் தூக்கிப் பார்ப்பாள், எல்லோருக்கும் சோப்பு கொடுப்பாள், மருந்தடித்த துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்வாள். தொழிலாளிக்குக் கையுறை எங்கே, குளிக்கத் தண்ணீர் எங்கே என்று முதலாளியின் அறை வாசலில் நின்று சண்டை போடுவாள். அந்தச் சண்டைக்குப் பிறகு வேனை உள்ளே விடுவதில்லை. வேன் பக்கம் போகிறவர்களுக்கு அடுத்த அறுவடையில் இடமில்லை என்று மேஸ்திரி சொல்லிவைத்திருந்தார். அவரும் முதலாளி சொன்னதைத்தான் சொன்னார்.

அக்காக்காரி நடந்ததைச் சொன்னதும் போனில் அவள் குரல் அவசரப்பட்டது, ஆனால் பதறவில்லை. "துணியைக் கழட்டுங்க. சோப்பு போட்டுக் குளிப்பாட்டுங்க. தலைமுடி, காதுமடல் எல்லாம். ஒருக்களிச்சுப் பிடிச்சுக்கோங்க, எச்சில் உள்ள போயிடக்கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரி. என்ன மருந்துன்னு டாக்டர் கேப்பாங்க, பேரைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. அவரை எடுத்துட்டாங்களா?"

"இல்லக்கா. இப்ப எடுக்கணுங்கறாரு."

"எடுக்க விடாதீங்க. எதனால போனாருன்னு டாக்டருங்க பாக்கணும். அந்த லைன்ல இன்னும் எத்தனை பிள்ளைங்க இருக்கு?"

அக்காக்காரி நிமிர்ந்து பார்த்தாள். வாசலுக்கு வெளியே, லைனுக்கு எதிரே துணிக்கொடியில், வேலைச் சட்டைகளும் குழந்தைகளின் கவுன்களும் பக்கத்துப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன. கொடிக்கு அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்தால் திராட்சைப் பந்தல்.

குளிப்பாட்டி, தன் சேலையில் சுற்றிய பொடிசோடு அவள் நேரே போய் வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மேஸ்திரி பதறி ஓடிவந்தார்.

"என்னம்மா பண்ற? இது அவனைத் தூக்க வந்த வண்டி."

"உசுரோட இருக்கறதை முதல்ல தூக்குங்க அண்ணே."

அவர் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். சுற்றிவந்து ஸ்டியரிங் முன்னால் ஏறினார். தம்பி மனைவி வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி ஓடிவந்தாள். வீட்டில் கிடக்கிறவனை விட்டுவிட்டு அவளால் ஏறவும் முடியவில்லை.

"யார் வந்தாலும் அவனைத் தூக்க விடாத" என்றாள் அக்காக்காரி. "லைன்ல எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சுக்கோ."

மேஸ்திரி இறங்கி இரும்புக் கதவைத் திறந்தார். தார்ச்சாலைக்கு வந்ததும்தான் பேசினார்.

"ஜுரம்னு சொல்லு. தோட்டத்துப் பேச்சே எடுக்காத. விஷயம் வெளிய போச்சுன்னா மொத்த லைனையும் நாளைக்கே காலி பண்ணிடுவாங்க. ஒன்னால அத்தனை குடும்பமும் நடுத்தெருவுல நிக்கும். யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். அந்தப் பயமும் பொய்யான பயம் இல்லை. மூட்டை முடிச்சோடு சாலையோரம் நின்ற நாட்களை அவளும் பார்த்திருக்கிறாள். மடியில் குழந்தையின் நெஞ்சு கரகரவென்று இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் அடுத்தது வருமா என்று இவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இவள் கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது. அழுகிறோமா, இல்லை காலையிலிருந்து அவன் உடம்பைத் தொட்டுத் துடைத்ததில் தனக்கும் ஏறிவிட்டதா? கையை விரித்துப் பார்த்தாள். விரல்கள் விரல்களாகத்தான் இருந்தன. அந்தக் கையால் குழந்தையின் முகத்தைத் தொடப் பயந்து, முழங்கையால் அணைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் டார்ச்சை அடித்துக் குழந்தையின் கண்ணைப் பார்த்தார். "என்ன சாப்பிட்டா?"

"ஏதாவது கண்டதைத் தின்னிருக்கும் டாக்டர், ஜுரமும் இருக்கு" என்றார் பின்னால் நின்ற மேஸ்திரி.

டாக்டர் அக்காக்காரியைப் பார்த்தார். ஒரு சொல்தான். அதைச் சொன்னால் லைன் போகும், வேலை போகும். சொல்லாவிட்டால்?

"மருந்து" என்றாள். "தோட்டத்து மருந்து. அவ அப்பன் மருந்தடிச்ச சட்டையைப் போத்திட்டு ராத்திரி முழுக்கப் படுத்திருக்கா."

"என்ன மருந்து? பேர் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. கேனில் ஒட்டியிருக்கும் காகிதத்தை உரித்துவிட்டுத்தான் லைனுக்குக் கொண்டுவருவார்கள். எல்லோருக்கும் அது வெறும் மருந்து. அவள் திரும்பினாள்.

"அண்ணே, பேரைச் சொல்லுங்க."

மேஸ்திரி சுவரைப் பார்த்தார்.

"இவ பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல ராத்திரியெல்லாம் நின்னது நீங்கதானே அண்ணே."

கட்டிலில் குழந்தையின் கால் வெட்டி இழுத்தது. மேஸ்திரி அதைப் பார்த்தார். யாரிடமோ திருட்டுத்தனமாகச் சொல்வதுபோல, குனிந்து, ஒரு பெயரைச் சொன்னார். அக்காக்காரி அதுவரை கேட்டிராத பெயர். டாக்டருக்கு அது தெரிந்திருந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தபோது அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"அப்பா எங்க?"

"வீட்டுல."

"அவரையும் உடனே கூட்டிட்டு வாங்க. எப்படி இருக்கார்?"

டாக்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "உடம்பை எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. நான் போலீசுக்குச் சொல்லணும்" என்றார்.

திரைக்குப் பின்னால் குழந்தைக்கு ஊசி போட்டார்கள். நர்ஸ் ஒருத்தி அக்காக்காரியின் கையைச் சோப்பு போட்டுக் கழுவவைத்து, அவள் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒன்றுமில்லை என்றாள். அப்படியானால் இது அழுகைதான். வெளியே வந்தபோது மேஸ்திரி இல்லை. வண்டியும் இல்லை.

தம்பி மனைவிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. இந்நேரம் அவனைத் தூக்கிப் போயிருப்பார்கள். மண்ணையும் தள்ளியிருப்பார்கள். திரைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். போனால் குழந்தை தனியாக, இருந்தால் அவன் தனியாக. கால் ஓய்ந்து பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் போன் வந்தது.

"அண்ணி, என் பிள்ளை?"

"இருக்கா. மூச்சு சத்தம் கொறைஞ்சிருக்கு. அங்க?"

"மேஸ்திரி வந்தாரு. எடுங்கன்னாரு. நாங்க யாரும் எழுந்திருக்கல. கதவுக்குக் குறுக்கால உக்காந்துட்டோம். இன்னொரு தடவை சொன்னாரு. அப்புறம்..." அவள் குரல் தடுமாறியது. "அப்புறம் அவரும் எங்ககூடத் தரையில உக்காந்துட்டாரு அண்ணி. சோப்பு அக்கா வந்திருக்காங்க. இரும்புக் கதவு தொறந்துதான் கிடந்துச்சு."

"நீ எதுனா சாப்பிட்டியா?"

"இல்ல."

"தண்ணியாவது குடி."

திரைக்குள்ளிருந்து பொடிசு அழுகிற சத்தம் கேட்டது. தொண்டை வறண்ட, கோபமான அழுகை. எல்லோரையும் அதட்டுகிற அதன் பழைய குரல். அக்காக்காரி உள்ளே ஓடி அதன் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா" என்றது அது. அவள் காலை வருடிக்கொண்டே இருந்தாள்.

வெளியே வேன் வந்து நிற்கிற சத்தம். எட்டிப் பார்த்தாள். சோப்பு அக்கா முதலில் இறங்கி, கை நீட்டி ஒவ்வொருவராக இறக்கிவிட்டாள். லைன் பெண்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒன்று. வராந்தாவில் தயங்கி நின்றவர்களுக்காக அக்காக்காரி பெஞ்சில் கிடந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள். இடம் போதவில்லை. மற்றவர்கள் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள்.

டாக்டர் டார்ச்சோடு வந்து குனிந்தார். குழந்தைகள் ஒவ்வொன்றாக முகத்தை நிமிர்த்திக் காட்டின. வெளிச்சம் ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குப் போனது, அதிலிருந்து அடுத்ததற்கு. ஜன்னலோரம் இருந்த கைக்குழந்தையிடம் வந்து நின்றது. நகரவில்லை.

அதன் தாய் டாக்டரைப் பார்க்கவில்லை. அக்காக்காரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.