பட்டை உரித்த பலா

அந்த வருசம் பலா காய்த்துத் தள்ளியிருந்தது. அடிமரத்தில், கவட்டையில், கைக்கு எட்டாத கிளைகளில் என்று திரும்பிய பக்கமெல்லாம் காய். குரங்கணிக்கு மேலே ஜெகதீஷின் ஏலத்தோட்டத்தைத் தாண்டிப் போகிற ஜீப்புகள் அந்த மரத்துக்கு எதிரே கொஞ்சம் மெதுவாகப் போகும். மரத்துக்குக் கீழே சரிவில், கூலி ஆட்கள் தங்குகிற லயம் இருந்தது. தகரக் கூரை போட்ட மூன்று அறைகள். இரண்டு காலியாகக் கிடக்க, மூன்றாவதில் மகாராணியும் அவள் புருசன் பால்சாமியும் குடியிருந்தார்கள். போன மாதம் ஓடையில் வழுக்கி விழுந்ததில் பால்சாமிக்குக் கால் எலும்பு முறிந்து, தொடைவரை மாவுக்கட்டு.

வித்யா போடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துகிறவள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாததால் புருசனோடு தோட்டத்துக்கு வந்திருந்தாள். ஆனி மாதக் காற்று இரண்டு நாளாக விடாமல் வீசிக்கொண்டிருந்தது. மழை இல்லை, சாரல் மட்டும். ஜெகதீஷ் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் வேலையாக இருந்தான். வித்யா ஆசிரியர் அறைக்கு ஒரு பழம் கொண்டுபோகலாம் என்று அரிவாளை எடுத்துக்கொண்டு பலா மரத்துக்குப் போனாள்.

மேட்டுப் பக்கமாகப் போய் நின்றபோதுதான் அதைப் பார்த்தாள். மரத்தில் ஏற்றிவிட்டிருந்த மிளகுக்கொடி காற்றில் பிய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு சாக்குத் துணி, மண் பூசி, பாசி படிந்து, மரத்தோடு மரமாக ஒட்டிக்கிடந்தது. இழுத்தாள். கையோடு வந்துவிட்டது.

இடுப்பு உயரத்தில், மரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை இல்லை. உள்ளே கட்டை சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. வெட்டுக்கு மேலே இருந்த பட்டை உருண்டு தடித்து, வீங்கிய உதடு மாதிரி பிதுங்கியிருந்தது. வெட்டுக்குக் கீழே பட்டை சுருங்கிச் செதில் விட்டிருந்தது.

வருசா வருசம் கரும்பலகையில் அவள் வரைகிற படம் அது. பாதிப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே கேட்கிற பாடம். தலையைத் தூக்கிப் பார்த்தாள். இலைகள் நல்ல பச்சை. காய்கள் ஒவ்வொன்றும் பிள்ளைத்தாய்ச்சி வயிறு கணக்காகத் தொங்கின.

குனிந்து, அரிவாள் முனையால் மரத்தடியில் மண்ணைக் கிளறினாள். கட்டைவிரல் பருமனில் ஒரு வேர் தட்டுப்பட்டது. நல்ல பலா வேர் கெட்டியாக இருக்கும், கீறினால் ஆரஞ்சு நிறம் காட்டும். இது இரண்டு விரலில் பிடித்ததும் தோல் தனியாகக் கழன்று வந்தது, நனைந்த காலுறை மாதிரி. உள்ளே பழுப்பு. சாக்கடை நாற்றம். இன்னும் இரண்டு இடத்தில் தோண்டினாள். எல்லாம் அதே கதிதான்.

அவள் ஸ்டோருக்கு ஓடினாள்.

"பலா மரத்துப் பட்டையை யாரு உரிச்சது?"

ஜெகதீஷ் நிமிர்ந்து பார்த்தான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தான். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்பப் பண்ணீங்க?"

"போன வருசம் பங்குனியில. முத்துப்பாண்டியை விட்டுத்தான். வெளிய தெரியாம இருக்கச் சாக்கைச் சுத்தி வச்சோம். நிழலு ரொம்ப அடைச்சுப்போச்சு வித்யா. கீழ இருக்கிற ஏலத் தூரு ஒண்ணுலகூட பூச்சரம் எடுக்கல. பச்சை மரத்தை வெட்டணும்னா பெர்மிட்டுக்கு நடையா நடக்கணும். காஞ்ச மரம்னா வெரசாக் கொடுத்திருவாக. ஊர்ல எல்லாரும் பண்றதுதான்."

"அந்த மரம் லயத்துக்கு மேல நிக்குது."

"அப்ப லயம் காலியாத்தான் கெடந்துச்சு. தை மாசம்தானே இவுக வந்தாக." அவன் குரல் இறங்கியது. "இலை காஞ்சு உதிரட்டும், மேல இருந்து கொஞ்சம் கொஞ்சமா வெட்டி இறக்கிக்கலாம்னு இருந்தேன். இன்னும் இலை பச்சையாத்தானே இருக்கு? மரம் சாகலையேன்னு விட்டுட்டேன்."

"இலை கடைசியிலதாங்க சாகும்!" அவள் கத்தியேவிட்டாள். "வேர் உறிஞ்சுற தண்ணி உள்கட்டை வழியா மேல போகுது. அதை நீங்க தொடலை, அதான் இலை பச்சையா இருக்கு. ஆனா இலை ஆக்குற சாப்பாடு பட்டை வழியாத்தான் கீழ எறங்கணும். அந்த வழியைத்தான் அடைச்சு வச்சிருக்கீங்க. ஒரு வருசத்துக்கு மேல வேருக்கு ஒரு வாய் சோறு எறங்கல. கீழ போக வேண்டியது பூராம் மேலயே நின்னு பழமாத் தொங்குது. வேரைத் தோண்டிப் பாத்துட்டுத்தான் வர்றேன். அழுகிக் கெடக்கு. அந்த மரத்தை இப்பப் பிடிச்சு நிறுத்த ஒண்ணும் இல்ல."

வெளியே காற்று ஒருமுறை உறுமி, ஸ்டோர்க் கதவை அடித்துச் சாத்தியது. ஜெகதீஷ் போனை எடுத்து முத்துப்பாண்டியைக் கூப்பிட்டான். முத்துப்பாண்டி அவன் சித்தப்பா மகன். இந்தச் சரிவில் அவனைப் போல மரமேற ஆள் கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில்தான் இருந்தான்.

"வடத்தை எடுத்துட்டு ஒடனே வாடா. பலாவோட தலைக்கனத்தைக் கழிக்கணும்."

"அவரை ஏத்தாதீங்க. முதல்ல ஆளுகளை வெளியேத்துவோம்" என்று சொல்லிவிட்டு வித்யா லயத்துக்கு ஓடினாள்.

மகாராணி அடுப்பில் உலை வைத்திருந்தாள். "அக்கா, அடுப்பை அணைங்க. அண்ணனைத் தூக்கிட்டு ஸ்டோருக்குப் போயிருவோம். மரம் விழுற மாதிரி இருக்கு."

"எந்த மரம் டீச்சரு?" மகாராணி வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். "இதா? இம்புட்டுக் காய்ச்ச மரமா விழப்போகுது?"

"சொன்னாக் கேளுங்கக்கா."

வித்யாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மகாராணி மறுபேச்சுப் பேசவில்லை. பால்சாமியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மாவுக்கட்டுக் கால் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. ஈரப் படியில் வித்யாவின் செருப்பு வழுக்கியது. உதறிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். பால்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னை விட்ருங்க, நான் தவந்தே வந்துருவேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஸ்டோருக்குள் அவனை இறக்கியதும் மகாராணியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு வித்யா திரும்பி ஓடினாள்.

அவள் போய்ச் சேருவதற்குள் முத்துப்பாண்டி மரத்தில் ஏறியிருந்தான்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இடுப்பு வடத்தை மரத்தோடு சுற்றிக் கட்டிக்கொண்டு, கிளையொன்றைக் கொத்திக்கொண்டிருந்தான். ஜெகதீஷ் கீழே நின்றிருந்தான்.

"ஏத்தாதீங்கன்னு சொன்னேனே!"

"நான் வேணாம்னுதான் சொன்னேன். அவன்தான், 'நான் வெட்டுன வெட்டு, நானே பாத்துக்கிறேன்'னு ஏறிட்டான்."

பெரிய காற்று ஒன்று மலையிலிருந்து இறங்கி வந்தது. மரம் லயத்துப் பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. மேட்டுப் பக்கம் நின்றிருந்த வித்யாவின் காலடியில் மண் அசைந்தது. குனிந்து பார்த்தாள். புல்லுக்கு நடுவே வளைவாக ஒரு விரிசல் ஓடியது. அடுத்த காற்றில் அது கை நுழைகிற அளவுக்குத் திறந்தது. காற்று ஓய்ந்ததும் மூடிக்கொண்டது. மண்ணுக்குள்ளிருந்து 'பட்' என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"இறங்கச் சொல்லுங்க! வேர் அறுது!"

ஜெகதீஷ் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான். காற்றில் ஒன்றும் மேலே போகவில்லை. முத்துப்பாண்டி கொத்திக்கொண்டே இருந்தான். ஜெகதீஷ் ஒரு கணம் வித்யாவைப் பார்த்தான். பிறகு சாய்கிற மரத்துக்கு நேர் கீழே ஓடி, முத்துப்பாண்டியின் இடுப்பிலிருந்து தொங்கிய வடத்தின் நுனியைப் பிடித்து இழுத்தான். முத்துப்பாண்டி குனிந்து பார்த்தான். ஜெகதீஷ் கையால் இறங்கு இறங்கு என்று காட்டினான்.

"சும்மா எறங்கக் கூடாது" என்று வித்யா கூவினாள். "காத்து அடிக்கையில அசையவே கூடாது. விரிசல் மூடும்போது நான் கையைத் தூக்குறேன். அப்ப மட்டும் எறங்கட்டும்!"

அவள் விரிசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது மூடியது, கையைத் தூக்கினாள். ஜெகதீஷ் வடத்தை ஒரு சுண்டு சுண்டினான். முத்துப்பாண்டி மரத்தைச் சுற்றியிருந்த கட்டை மட்டும் அவிழ்த்து ஒரு கிளை இறங்கினான். காற்று வந்தது, கையை இறக்கினாள். அவன் மரத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே ஒட்டிக்கிடந்தான். விரிசலில் இப்போது முழங்கை நுழையும். உள்ளே நார்நாராக வேர்கள் இழுபட்டு அறுவது தெரிந்தது. மறுபடி மூடியது, ஆனால் முழுசாக இல்லை. அவள் கையைத் தூக்கினாள். இன்னொரு கிளை. ஒரு பழம் பிய்ந்து ஜெகதீஷுக்குப் பக்கத்தில் விழுந்து சிதறியது. அவன் வடத்தை விடவில்லை.

கடைசிக் கவட்டைக்கு வந்தபோது விரிசல் மூடவே இல்லை.

"குதிக்கச் சொல்லுங்க! மேட்டுப் பக்கம்! நீங்களும் வந்துருங்க!"

முத்துப்பாண்டி அரிவாளை வீசிவிட்டுக் குதித்தான். வித்யாவுக்கு முன்னால் விழுந்து உருண்டான். ஜெகதீஷ் வடத்தை உதறிவிட்டுச் சரிவில் ஏறி ஓடிவந்தான். மரம் அவசரப்படவில்லை. மெதுவாக, தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஆள் மாதிரி சாய்ந்தது. மண் வாயைப் பிளந்தது. பிறகுதான் லயத்தின் தகரம் கிழிகிற சத்தம் கேட்டது.

மகாராணி ஓடிவந்து நின்றாள். மூன்றாவது அறையின் கூரைக்குள் நடுமரம் இறங்கியிருந்தது. பால்சாமி படுத்திருந்த கட்டில் இருந்த இடத்தில் கிளையும் இலையும் பழமுமாகக் குவிந்து கிடந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் மெல்ல மரத்தின் அடிப்பக்கம் வந்தாள். பிடுங்கிக்கொண்டு வந்த வேர்க்குவியலில் நீளமான வேர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் நனைந்த அட்டை மாதிரி முறிந்திருந்தது. அதற்கு மேலே, யார் கண்ணுக்கும் தப்பாமல், அந்த வெட்டு.

அவள் அதில் கையை வைத்துப் பார்த்தாள். "இது காத்து பண்ணுனது இல்லையே" என்றாள்.

வித்யா ஜெகதீஷைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் பண்ணச் சொன்னேன்க்கா" என்றான். "நீங்க வர்றதுக்கு முன்னாடி."

"உரிச்சது நான்" என்றான் முத்துப்பாண்டி, தரையில் உட்கார்ந்தபடியே.

மகாராணி சத்தம் போடவில்லை. "நாங்க குடி வந்தன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் ஸ்டோருக்குத் திரும்பிய பிறகு வித்யா ஜெகதீஷிடம் கேட்டாள்: "வேற எந்த மரத்துல கை வச்சிருக்கீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "ஓடைக்கு மேல நிக்கிற நிழல் மரம் ஒண்ணு, சந்தன வேம்பு. தை மாசம்."

அந்த மரத்துக்கு அடியில்தான் ஜீப்புப் பாதைக்கு இறங்குகிற வழி. சாரல் வலுத்திருந்தது. மூவரும் அங்கே போனார்கள். பாதையின் இரண்டு பக்கமும் வடத்தைக் குறுக்கே கட்டிவிட்டு, வித்யா மண்டியிட்டு வேரைத் தோண்டினாள். நகத்தால் கீறினாள். தோல் கழலவில்லை. உள்ளே வெளிர் நிறம், ஈரமாக, கெட்டியாக இருந்தது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் உயிர் இருக்கு. சேத்து வச்சதைத் தின்னுக்கிட்டு இருக்கு."

திங்கள்கிழமை ஜெகதீஷ் தானாகவே வனத்துறை அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னான். அவன்மேல் வழக்கு எழுதினார்கள். அவனோடு வந்து பார்த்த அலுவலர், வேம்பைக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுங்கள் என்றார். வித்யா அந்த மரத்திலிருந்தே விரல் மொத்தத்தில் குச்சிகள் வெட்டி, இரண்டு முனையையும் சீவி, வெட்டுக்கு மேலே பட்டைக்கு அடியில் ஒரு முனையையும் கீழே பட்டைக்கு அடியில் மறு முனையையும் பாலம் மாதிரி செருகினாள், இலையின் சாப்பாடு அதன் வழியே வேருக்கு இறங்கட்டும் என்று. ஜெகதீஷ் மெழுகு உருக்கிப் பூசிக் கட்டினான். பல குச்சிகள் கருகிப்போயின. சில பிடித்துக்கொண்டன. ஐப்பசி வாக்கில் அவை தடிக்க ஆரம்பித்தன.

மகாராணியும் பால்சாமியும் மரம் விழுந்த மறுநாளே ராசிங்காபுரத்துக்குப் போய்விட்டார்கள். ஜெகதீஷ் இரண்டு தடவை போய், வேம்பு விசயத்தையும் சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை. கார்த்திகையில் ஒருநாள் சாயங்காலம் போடி பஸ் ஸ்டாண்டில் வித்யா மகாராணியைப் பார்த்தாள். ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் சேர்ந்திருப்பதாகவும், பால்சாமி கம்பு ஊன்றி நடப்பதாகவும் சொன்னாள். பேச்சில் கோபம் இல்லை, ஒட்டுதலும் இல்லை.

"அந்த இன்னொரு மரம் நிக்குதா டீச்சரு?"

"நிக்குதுக்கா. வேருக்குச் சாப்பாடு எறங்குது."

"அதுக்கு அடியில யாரும் குடியிருக்காகளா?"

"இல்லக்கா. பாதையையும் வேற பக்கமா மாத்தியாச்சு."

மகாராணி தலையை ஆட்டினாள். ராசிங்காபுரம் பஸ்சு வந்தது. பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கூட்டத்தில் முண்டியடித்து ஏறினாள்.