பாதி கோல்

எங்கள் ஊரில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு நடக்கும். மீன் ஏலக்கூடத்துத் தரையில் உமியைப் பரப்பி, அதன்மேல் நானூறு ஐஸ் பாரை, நீளநீளமான ஐஸ் கட்டிகளை, நெருக்கி அடுக்கினால் மைதானம் தயார். ஏழு மணிக்கு, நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் படகுகள் ஹாரன் அடிக்கும். அத்தோடு ஆட்டம் முடிந்தது. மைதானத்தை உடைத்துப் படகுகளில் ஏற்றிவிடுவோம்.

கோல் விழுந்த இடத்து ஐஸ் பாரை மட்டும் உடைப்பதில்லை. அது முழுசாக ஒரு படகில் போகும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்தப் படகு திரும்பியதும், ஏலம் போடும் பிரகாசி அக்கா ஒரு மீனைத் தூக்கிச் செவுளைத் திறந்து பார்ப்பார். சிவப்பாக இருந்தால் கோல். வெளுத்திருந்தால் கோல் இல்லை, படகில் வந்த மீன் மொத்தமும் போச்சு. அதனால் எங்கள் ஊரில் யாரும் சும்மா கோல் அடிப்பதில்லை.

நான் ஐஸ் பிளாண்ட் அணியின் கோல்கீப்பர். பெயர் சூசை. எதிரணியான படகுக்காரர்களுக்கு இடப்பக்கம் ஆடுபவர் கனடாக்காரர். பெயர் டெல்பர்ட். எங்கள் தெருவில் ஏற்கெனவே நான்கு டெல்பர்ட் இருந்ததால் பெயரைப் பழக யாருக்கும் சிரமம் இல்லை. இவரைக் கனடா டெல்பர்ட் என்போம். இங்கிலாந்து, ஆஸ்திரியா, கஜகஸ்தான், ஜப்பான் என்று ஆடிவிட்டு எங்களிடம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அங்கெல்லாம் வலைக்குப் பின்னால் விளக்கு எரிந்ததுமே கோல் என்று எழுதிவிடுவார்களாம். மீனைப் பார்ப்பதே இல்லையாம். அவசரக்காரர்கள்.

கோல் அடித்ததும் வலது கையைத் தூக்குவது அவர் வழக்கம். வந்த புதிதில் உடனே தூக்கிவிடுவார். பிறகு படகு வரும்வரை பொறுக்கக் கற்றுக்கொண்டார். என் மகளின் ஞானஸ்நானத்தில் அவர்தான் ஞானத்தகப்பன்.

இந்த வருடம் அவருக்கு நாற்பத்தொரு வயது. ஒரு கோல்கூட நிலைக்கவில்லை. ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள் ஒரு கோலாவது நிலைக்காவிட்டால் வெளிநாட்டு ஆட்டக்காரர் தன் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது ஹாக்கி சங்கத்தின் விதி. அவர் அம்மாவும் பதினைந்து நாளைக்கு ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். ‘போதும், வீட்டுக்கு வா. உன் கட்டிலில் பூனை படுக்கிறது.’ கடிதத்தைப் படித்தால் அவருக்குப் போக வேண்டும் போலிருக்கும். மடித்து வைத்தால் இருக்க வேண்டும் போலிருக்கும். எனக்கு அவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குள் படகு திரும்பக்கூடிய கடைசித் திங்கட்கிழமை, ஹாரனுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர் அடித்தார். வட்டு என் இடது காலை நோக்கி வந்தது. நான் காலை எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பார் என் மச்சான் ரெமிஜியுஸ் படகில் போனது. பத்தாம் நாள் டீக்கடையில் டெல்பர்ட்டிடம் சொல்லிவிட்டேன்.

“அண்ணே, நான் காலை எடுத்துட்டேன்.”

“பாத்தேன்” என்றார் டெல்பர்ட். பணியாரத்தைப் பிட்டு எனக்கும் கொடுத்தார். “ஆனா நான் நல்லாத்தான் அடிச்சேன் சூசை. நீ எடுக்காட்டியும் பாதி வாய்ப்பு உண்டு.”

பதினான்காம் தேதி மத்தியானம் படகு வந்தது. பிரகாசி அக்கா முட்டு உயரச் சூரை மீன் ஒன்றைத் தூக்கி இடது செவுளைத் திறந்தார். செக்கச்செவேல் என்று இருந்தது. டெல்பர்ட்டின் வலது கை தோள் வரை உயர்ந்தது. அக்கா மீனைத் திருப்பி வலது செவுளைத் திறந்தார். வெளுத்திருந்தது. கை அங்கேயே நின்றது. இன்னும் நான்கு மீனைப் பார்த்தார். எல்லாம் அப்படியே.

“பாதி கோல்” என்றார். என்னைப் பார்த்து, “காலை எங்கலே வச்சிருந்த?” என்று கேட்டார்.

“விடு மாப்ள” என்றார் ரெமிஜியுஸ். “இடப்பக்கத்த ஏலத்துல விடுவோம். வலப்பக்கத்தக் கருவாடு போட்டுக்கிடலாம்.” அன்று சாயங்காலமே உப்பு வாங்கி வந்து நானே உட்கார்ந்து வலப்பக்கங்களை அறுத்துப் போட்டேன். என் தவறுக்கு அது குறைந்த வேலைதான்.

சங்கச் செயலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பாதி கோலுக்குப் பாதி ஆள் இருக்கலாம் என்று அதில் இருந்தது. இடப்பக்கம் ஆடுபவர் என்பதால் இடது பாதியை வைத்துக்கொள்வதென்று முடிவானது. வலது பாதிக்கு அரை டிக்கெட் எடுத்தோம்.

விமான நிலையத்துக்குத் தெருவே வந்தது. மற்ற நான்கு டெல்பர்ட்டும் வந்திருந்தார்கள். போகிற பாதி பெட்டியை எடுத்துக்கொண்டது. இருக்கிற பாதி மட்டையை வைத்துக்கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தோளில் தட்டிக்கொண்டன. வலது கை அந்தப் பக்கம் இருந்ததால் நான் அதனோடுதான் கைகுலுக்கினேன். கண் கலங்கிவிட்டது. திரும்பும்போது காரில் இடது பாதி என்னைத் தேற்றிக்கொண்டு வந்தது.

பத்து நாளில் அவர் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. ‘வந்து சேர்ந்தது நன்றாகச் சாப்பிடுகிறது. கட்டிலில் பூனைக்கும் இடம் இருக்கிறது.’ டெல்பர்ட் அதை இரண்டு முறை படித்தார். மடித்து வைத்த பிறகும் சந்தோஷமாகவே இருந்தார்.

தடைக்காலம் முடிந்து முதல் திங்கட்கிழமை. ஆறே முக்காலுக்கு டெல்பர்ட் ஒற்றைக் காலில் சறுக்கி வந்து அடித்தார். நான் காலை வைத்த இடத்திலேயே வைத்திருந்தேன். சத்தியமாக வைத்திருந்தேன். வட்டு என் தோளுக்கு மேலே வலைக்குள் போனது. பாரை ரெமிஜியுஸ் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

படகுகளை அனுப்பிவிட்டுக் கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டெல்பர்ட்டின் கையில் மட்டை இருந்ததால் நான் எடுத்தேன். அவர் அம்மா பேசினார். அங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

“ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இவன் கை தானாக மேலே போனது. அது கோலா?” என்று கேட்டார்.

படகு திரும்பப் பன்னிரண்டு நாள் ஆகும், செவுளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம், அதுவரை கையை இறக்கி வைக்கச் சொல்லுங்கள் என்றேன்.

“பரவாயில்லை, தூக்கியே இருக்கட்டும்” என்றார் அவர். “இப்போதுதான் அதில் கம்பளிக் காலுறைகளைக் காயப்போட்டேன்.”