பராஹாஸின் பைன் மரம்

தன் பெயரைத் தானே ஒரு மரத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாதென்று தாவரவியலில் சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அதனால் மொரேலியா நகரத்துப் பேராசிரியர்கள் இருவர் கமுக்கமாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மலையில் தான் கண்ட புதுப் பைன் இனத்துக்கு எவோடியோ பராஹாஸ், நண்பர் லியாந்த்ரோ தினோகோவின் பெயரை வைத்தார். லியாந்த்ரோ கண்ட இனத்துக்கு எவோடியோவின் பெயர். அன்று முதல் எவோடியோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. டாக்ஸி ஓட்டுநரிடம்கூட, "பைனஸ் பராஹாசி தெரியுமா? நான்தான் அது" என்பார்.

எவோடியோ மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்தில் வந்தது வினை. ஞானத்தந்தையாக நின்று எவோடியோவுக்குக் கொம்பாத்ரே, அதாவது ஞானச் சம்பந்தி, ஆகிவிட்ட லியாந்த்ரோ, மெஸ்கால் சாராயம் உள்ளே போன தைரியத்தில் கோப்பையை உயர்த்தி, "நம்ம கொம்பாத்ரே தங்கமான மனுஷன். ஊசியிலையை எண்ணத்தான் வராது!" என்றார். பைன் இனங்களைப் பிரித்தறிவதே ஊசியிலை எண்ணிக்கையை வைத்துத்தான்; பாட்டுக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

"அந்தாளு பேரை மரத்துலேர்ந்து உரிச்செடுக்கல, நான் எவோடியோ இல்ல!"

"முதல்ல சாப்பிடுங்க, போசோலே ஆறுது" என்றாள் மனைவி அம்பாரோ.

மழைக்காலம் முழுக்க மலையே கதி. கொத்துக்கு எத்தனை ஊசியிலை, கூம்பில் எப்படிச் செதில், ஒன்றையும் விடவில்லை. ஈரப் பள்ளத்தாக்கில் இலை நீளம், காய்ந்த முகட்டில் குட்டை, வித்தியாசம் அவ்வளவே. லியாந்த்ரோவின் பைனும் தன் பைனும் ஒரே இனம்! எவோடியோ காட்டிலேயே குதித்தார்.

தாவரவியல் மாநாட்டில் மேடையேறி முழங்கினார்: "தினோகோ பைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அது என் பைன்தான்!"

அடிதடி வரப்போகிறதென்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லியாந்த்ரோ நிதானமாக எழுந்தார்.

"பிரமாதம் கொம்பாத்ரே! ரெண்டும் ஒண்ணுதான், ஒத்துக்கறேன். ஒரே இனத்துக்கு ரெண்டு பேரு இருந்தா, முதல்ல அச்சான பேருதானே நிக்கும்? நீங்க எனக்கு வெச்சது மார்ச்சுல அச்சாச்சு. நான் உங்களுக்கு வெச்சது ஜூன்ல."

வருடாவருடம் மாணவர்களுக்கு எவோடியோவே நடத்துகிற விதி. ஆத்திரத்தில் மரத்தைப் பார்த்தவர் மாதத்தைப் பார்க்கவில்லை.

அதற்குள் அரங்கமே எழுந்து கைதட்டியது. உண்மைக்காகத் தன் பெயரையே வெட்டி எறிந்த இப்படியொரு உத்தமரைக் கண்டதில்லை என்று மாநாட்டுத் தலைவர் தழுதழுத்தார். லியாந்த்ரோ ஓடிவந்து கட்டிக்கொண்டார். எவோடியோ தாங்க முடியாமல் விம்மி விம்மி அழுதார்.

"பாருங்க, என்ன ஒரு அடக்கம்!" என்றார்கள் முன்வரிசையில்.