இடது கன்னத்துக் கண்மாய்

கார்த்திகை முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, கொட்டாம்பட்டி சோணையின் இடது கன்னத்துக்குள் ஒரு கண்மாய் நிரம்பியது. அந்த வருடம் அப்பக்கத்தில் வேறெந்தக் கண்மாயும் நிரம்பவில்லை.

சோணை தேங்காய் ஏலம் கூவுகிறவர். வாய்தான் பிழைப்பு. அதில் புகையிலை ஒதுங்கிய இடம் வெளுத்துத் திட்டாகியிருந்தது. இப்படிப்பட்ட திட்டு பலரை ஒன்றும் செய்யாது, சிலருக்குப் புற்றாகும். மதுரைப் பல் டாக்டர் வெங்கடேஷ்பாபு திட்டின் நடுவில் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார். ஒன்றுமில்லை என்று வந்தது. டாக்டருக்கு மனம் ஒப்பவில்லை. கன்னத்தை மொத்தமாக அறுத்தால் சோணையின் குரல் போகும். விட்டால் சோணையே போகலாம். திட்டைப் படமெடுத்து, ஓரத்தை அளந்து சொல்லும்படி நாகமலை புதுக்கோட்டையில் கணிதப் பேராசிரியையாக இருக்கும் சித்தி மகள் பத்மாசினிக்கு அனுப்பினார். போனில் இருவரும் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் பேசினார்கள். நடுவில் விழுந்த ஒரே தமிழ்ச்சொல் கறை. மதுரை வாயில் கறையும் கரையும் ஒன்றுதான். செயற்கைக்கோள் படங்களில் கண்மாய்க் கரைகளை அளப்பது பத்மாசினியின் வேலை. அவள் கோப்புக்குக் கரை என்று பெயரிட்டு, இதுவும் ஒரு கண்மாய் என்றே அளந்தாள். படத்தின்மேல் கட்டங்களைப் பரப்பி, கட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போய், கரை எத்தனை கட்டங்களில் விழுகிறது என்று கணினி எண்ணியது. அந்த எண்ணிக்கை பெருகும் வேகத்திலிருந்து கரையின் நெளிவுக்கு ஓர் எண் கிடைக்கும். நேரான கரைக்கு ஒன்று. நெளிய நெளிய எண் ஏறும். படத்தின் கீழ் ஓரமான தெற்குக் கரைக்கு ஒன்றரையைத் தொட்டது. உடையப் போகிறது, ஊர்க்காரர்களிடம் சொல் என்று அவள் போன் செய்தபோது, ஆஸ்பத்திரி நாற்காலியில் வாய் திறந்திருந்த சோணைக்குள் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. நர்ஸ் உறிஞ்சு குழாயை வைத்தாள். மட்டம் இறங்கவில்லை. வராந்தாவில் இரண்டு கொக்குகள் வந்து நின்றன.

டாக்டர் தெற்குக் கரையில் துணுக்கு எடுத்தார். அங்கே செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, இன்னும் புற்றாகவில்லை. அந்த ஓரத்தை மட்டும் அறுத்தெடுத்தார். புண் ஆறியது. கரை நேரானது. கண்மாய் அப்படியே இருந்தது. சோணை பழக்கத்தில் புகையிலைக்குக் கைநீட்டியபோது மனைவி முத்துத்தாய் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நல்ல தண்ணியில போயிலையக் கரைச்சா ஊருக்குள்ள ஒங்கள வச்சிருக்க மாட்டாக."

தவறு தெரிந்த பிறகும் பத்மாசினி கோப்பின் பெயரை மாற்றவில்லை. அடுத்த இரண்டு வருடங்களில் ஆனையூரிலிருந்தும் மேலூரிலிருந்தும் வந்தவர்களின் வாய்களை அதே கணக்கில் அளந்தாள். அளந்த வாயெல்லாம் நிரம்பியது. கரை நேராக இருந்தவர்களை ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். நெளிந்தவர்களுக்கு நெளிந்த இடத்தில் துணுக்கு எடுத்தார்கள். ஒருவரும் தவறிப்போகவில்லை. கொக்குகளுக்கு ஆஸ்பத்திரியில் தனி வாசல் விட்டார்கள்.

இந்தச் சித்திரையில் சோணையின் ஏலக்குரல் திருச்சி ரோடு வரை கேட்டது. மேலூர் வியாபாரிகள் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, கூடையும் வலையுமாக உள்ளூர்க்காரன் சோலை முன்னால் வந்தான். பின்னால் பாதி ஊர் நின்றது.

"அண்ணே, ஏலம் கெடக்கட்டும். மீன் புடிக்க என்னைக்குண்ணே வாயத் தொறந்து விடுவீக?"