குண்டூசித் தலையில் ஓர் எழுத்து

ஷெல்லடியில் தன் ஜீப்போடு எரிந்துபோன தகப்பனின் ஆண்டுப் பூசைக்கு, படத்தின் முன்னால் வைக்க அந்த ஜீப்பைத் தகரத்தில் சின்னதாகச் செய்யச் சொல்லியிருந்தாள் ஸ்ரெல்லா. தகர வேலைக்காரன் சந்தியோகு கொண்டுவந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சந்தியோகண்ணை, ரேடியேற்றருக்குக் கீழை குழாய் வைச்சிருக்கிறியள். அப்பான்ரை ஜீப்பிலை அது தட்டைச் சட்டம்."

"உலக யுத்தத்து ஜீப் எண்டால் வில்லிஸ் கம்பனி செய்ததுதானே? ஊரே சொல்லுது. வில்லிசுக்குக் குழாய்தான்."

"ஊரே அதைக் கழுவினது? நான் கழுவினனான்."

சண்டையைத் தீர்க்க இருவரும் சைக்கிளில் உரும்பிராய்க்குப் போனார்கள். ஜீப்பின் எரிந்த கூடு அங்கே வாழைத்தோட்ட வேலியோரம் கிடந்தது. சந்தியோகு குனிந்து பார்த்தான். தட்டைச் சட்டம்தான். வில்லிஸ் அல்ல, அதே மாதிரியில் ஃபோர்ட் கம்பனி செய்தது. கரியைச் சுரண்டியபோது ஒரு போல்ட்டின் தலையில் ஃபோர்டின் எஃப் எழுத்து தெரிந்தது. அடுத்ததிலும் இருந்தது. எவர் கண்ணும் படாத அடிப்பக்கத்திலும் இருந்தது. உலக யுத்த அவசரத்திலும் எவனோ ஒரு தொழிலாளி ஒவ்வொன்றிலும் குத்தியிருக்கிறான். நெருப்பாலும் அதை அழிக்க முடியவில்லை.

"இதுதான் எங்கடை ஜீப்," என்றாள் ஸ்ரெல்லா.

அவன் தன் தகர ஜீப்பின் குழாயை அங்கேயே பிடுங்கினான். அதன் போல்ட்டுகள் வெறும் குண்டூசித் தலைகள்.

"இதுகளிலையும் எழுத்து வெட்டவேணும்."

"ஆரண்ணை பாக்கப்போகினம்?"

"அந்த எஃப் குத்தினவன் உதை யோசிக்கேல்லையே."