சனிமூலை மண்

கடவுள் சிலரைக் கஷ்டம் கொடுத்துச் சோதிப்பார்; சிலரைச் சௌகரியம் கொடுத்துச் சோதிப்பார். செம்மொழிக்கு வாய்த்தது இரண்டாவது வகை.

திருவையாற்றுக்கு வெளியே ஓர் அறக்கட்டளை நடத்திய மண் பரிசோதனைக் கூடத்தில் அவள் ஆய்வாளர். விவசாயிகள் பையில் மண் கொண்டு வருவார்கள். உதவியாளர் உபைதுல்லா அதை இடித்துச் சலித்துக் கொடுப்பார். மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். எந்தச் சத்து குறைவு, எந்த உரம் போட வேண்டும் என்று அட்டை அச்சாகி வரும். செம்மொழி கையெழுத்துப் போடுவாள். ஏசி அறை, பதினொரு மணிக்கு டீ, ஐந்து மணிக்கு வீடு. மண்ணைப் படித்துப் பட்டம் வாங்கியவள் மண்ணைத் தொட்டே பல காலம் ஆகியிருந்தது.

அவள் அப்பா நல்லக்கண்ணு ஒரு காலத்தில் பிறர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். இப்போது சொந்த நிலத்தில் நடுகிறார். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "எம்மவ மண்ணுக்கு டாக்டரு" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சமாக இருக்கும். நோயாளியைத் தொட்டுப் பார்க்காத டாக்டர்.

அதனால்தான் ஐதராபாத்தில் ஓர் உரக் கம்பெனிக்கு விண்ணப்பித்திருந்தாள். போனில் பேசிய மேலாளர் பூர்ணிமா, தமிழ்க்காரர், கடைசியாக ஒன்று கேட்டார். "இத்தனை வருஷத்துல, இது நான் செஞ்ச வேலைன்னு பெருமையா சொல்ற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

செம்மொழி மேசைமேல் கிடந்த அட்டைகளைப் புரட்டினாள்.

"யோசிச்சு வைங்க. பத்து நாள்ல திரும்பக் கூப்பிடுறேன். அந்த பதில்லதான் வேலையே இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. 'இந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்ய முடியும்?' என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அடுத்து வந்த ஆடி வெள்ளிக்கிழமை உபைதுல்லா ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். செம்மொழியின் ஊர்க்காரியான நாகம்மாள் மண்பையோடு வந்து, சன்னலில் கொடுத்துவிட்டு, வெளியே வேப்பமர நிழலில் போய் நின்றாள். ஊருக்கு அடுத்த பஸ் மூன்று மணிக்குத்தான். தூசி வரும் என்று வெளியாட்களை ஏசி அறைக்குள் விடுவதில்லை. ஆனால் வெயிலில் முந்தானையால் விசிறிக்கொண்டு நிற்பவளைப் பார்த்துக்கொண்டே டிபன் டப்பாவைத் திறக்க செம்மொழிக்கு மனம் வரவில்லை. எழுந்து கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்கத்தை. சாப்புடலாம்."

"வேணாம் பாப்பா. காலெல்லாம் புழுதி."

"மண்ணாபீசுல புழுதி இல்லாம வேற என்ன இருக்கும்? வாங்க."

நாகம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "மார்கழி மாசம் மாதிரியில்ல இருக்கு. தெனமும் இப்படியேவா? வீட்டுக்குப் போனா வேர்க்காதோ?"

இருவரும் புளிச்சோற்றைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

"போன சம்பா எப்படித்தை?"

"படுத்துடுச்சு. கதிரு வாங்குன கையோட அப்படியே சாஞ்சு போச்சு. பாதி பதரு. எங்க தெரு பூரா அதே கததான்."

"பொட்டாஷ் போட்டீங்களா?"

"நீதான் போட வேணாம்னு எழுதியிருந்தியே. வருசா வருசம் அப்படித்தான் வருது. பக்கத்து வயக்காரரு போடச் சொன்னாரு. நான் உடல. நல்லக்கண்ணு மவ போட்ட கையெழுத்து, அதுக்கு மேல நீ என்ன பெரிய ஆளான்னு கேட்டுட்டேன்."

நெல் தண்டுக்கு வலு கொடுப்பது பொட்டாஷ்; அது குறைந்தால் பயிர் இப்படித்தான் சாயும் என்று செம்மொழி படித்திருந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் நாகம்மாளின் மண்ணை அவளே இடித்துச் சல்லடையில் போட்டு ஆட்டினாள். மண் கீழே இறங்கியது. மேலே சில கரித்துண்டுகள், கருகிய அரிசி இரண்டு, ஒரு மஞ்சள் கிழங்குத் துணுக்கு தங்கின.

"அத்தை, இந்த மண்ண எங்க எடுத்தீங்க?"

"வயல்லதான்."

"வயல்ல எங்க?"

"சனிமூலையில." வடகிழக்கு மூலையைச் சொன்னாள். முதல் நாற்றை ஊன்றுவதும், ஆண்டுதோறும் கல் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைப்பதும் அங்கேதான். "ஆபீசுக்குக் கொண்டு போற மண்ண கண்ட எடத்துலயா அள்ளுவாங்க? சாமி நிக்கிற எடமாப் பாத்துத்தான் தெருவுல எல்லாரும் எடுப்போம்."

செம்மொழிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலைமுறையாகப் பொங்கல் அடுப்புச் சாம்பலைத் தின்ற மண் அது. விறகுச் சாம்பலில் இருப்பது பொட்டாஷ். அந்த மூலையில் சத்து ஏராளம் என்று இயந்திரம் சொன்னது பொய்யில்லை. மூலை எது, வயல் எது என்று கேட்க வேண்டியது அவள் வேலை.

"நான் கேட்டிருக்கணும்த்தை" என்றாள் மெதுவாக. "நாளைக்கு வர்றேன். வாய்க்கால்ல தண்ணி வர்றதுக்குள்ள வயல் பூரா எடுத்துப் பாத்துடணும்."

மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை. செம்மொழி மண்வெட்டியும் வாளியுமாக நாகம்மாள் வயலில் இறங்கினாள். வரப்பில் தெருவே நின்றது. கோணல்மாணலாக நடந்து அங்கங்கே ஒரு வெட்டு வெட்டி, பக்கவாட்டில் மண்ணைச் சீவி வாளியில் சேர்த்தாள். சனிமூலை வந்ததும் செருப்பில்லாத காலோடு ஒரு கணம் நின்று, கும்பிட்டு, விலகி நடந்தாள்.

"சாமி எடத்த உட்டுட்டியே பாப்பா, கோவிச்சுக்காதா?" என்றாள் நாகம்மாள்.

"சாமி நல்லா சாப்புட்டிருக்குத்தை. மத்த எடம் பட்டினி கெடக்குதான்னு பாத்தா சாமி ஏன் கோவிக்கப் போவுது?"

வரப்பில் சிரிப்பு எழுந்தது. நல்லக்கண்ணுவும் வயலில் இறங்கினார். மகள் கையிலிருந்து வாளியை மட்டும் வாங்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். எத்தனையோ பேருக்காகச் சுமந்த தோள் அது. அன்றைக்கு அது நிமிர்ந்திருந்ததைத் தெருவில் எல்லாரும் பார்த்தார்கள்.

நினைத்தது சரியாக இருந்தது. நாகம்மாள் வயலிலும், அடுத்தடுத்த நாட்களில் எடுத்துப் பார்த்த தெருக்காரர்கள் வயல்களிலும் பொட்டாஷ் குறைவு. புது அட்டைகளை அவளே வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, வாசித்துச் சொல்லி, பழையதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

பத்தாம் நாள் பூர்ணிமா கூப்பிட்டார். செம்மொழி பொங்கல் அடுப்பிலிருந்து தொடங்கி, தன் பிழையையும் மறைக்காமல் சொன்னாள்.

"கருகின அரிசிய வச்சா கண்டுபிடிச்சீங்க?"

"அரிசி ஒவ்வொரு வருஷமும் வந்திருக்கும் மேடம். ஒருத்தங்களை உள்ள கூப்பிட்டு உக்கார வச்சேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் தானா கண்ணுக்குப் பட்டுச்சு."

"இதுதான் நான் கேட்ட பதில். எப்ப வந்து சேர முடியும்?"

செம்மொழி சன்னல் வழியே பார்த்தாள். வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம். நாகம்மாள் முன்னால் நின்று, பக்கத்து ஊர்க்காரர்களின் பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்து, "இது சனிமூலை மண்ணு, செல்லாது. போயி வயல் பூரா எடுத்தாங்க" என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தாள்.

"ரொம்ப நன்றி மேடம். நான் வரல."

"சம்பளம் பேசலாமே?"

"சம்பளம் இல்ல மேடம். இங்க செய்ய ஒண்ணும் இல்லன்னு நெனச்சுத்தான் உங்களுக்கு எழுதினேன். இப்ப பயிர் நிக்கிதான்னு பாக்கணும்."

"நிக்கும்" என்றார் பூர்ணிமா. "தையில ஒரு போட்டோ அனுப்புங்க."

செம்மொழி போனை வைத்துவிட்டுப் போய்க் கதவை அகலத் திறந்தாள். "வெயில்ல நிக்காம எல்லாரும் உள்ள வாங்க."

புழுதிக்கால்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. குளிர்ந்த காற்று வெளியே போனது. உபைதுல்லா தலையில் கை வைத்தார். "மேடம், ஊருக்கே ஏசி போட்டா கரண்டு பில்ல யாரு கட்டுறது?"

"சனிமூலை சாமி கட்டும் பாய்" என்று சொல்லிவிட்டு, சல்லடையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.